பதினாறு மேட்ச், பதினாறு ரவுண்டு: ஒரு பி.டி. வாத்தியாரின் கிளீவ்லாந்து குறிப்புகள்

டிசம்பர் 30, 2017, சனி

பேரன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றுவதே இல்லை. தோசைத் தட்டுக்கு முன்னாலும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். "தோக்குற டீம் தொப்பியை எதுக்குடா தலையில சுமக்குற?" என்று கேட்டேன். "இது அப்பா தப்பு தாத்தா" என்று மாப்பிள்ளையைக் கை காட்டினான்.

அமெரிக்காவில் மாப்பிள்ளை படிக்க வந்த ஊர் கிளீவ்லாந்து. வேலையும் இங்கேயே அமைந்தது. ஊர் ஒட்டிக்கொண்டபோது கூடவே கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்கிற ஃபுட்பால் அணியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறினால் இன்னும் நான்கு, முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. சந்தேகம் வந்தால் மைதானத்துக்குள் நிஜமாகவே ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டி அளக்கிறார்கள். முதல் தடவை டிவியில் பார்த்தபோது, வரப்புத் தகராறுக்கு சர்வேயர் வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

சீசனுக்கு மொத்தமே 16 மேட்ச், வாரத்துக்கு ஒன்று. இந்த வருஷம் 15 ஆடி 15-ம் தோற்றாகிவிட்டது. லண்டன் ட்விக்கன்ஹாமில் ஒரு மேட்ச் வைத்தார்கள், கடல் தாண்டிப் போய் மினசோட்டாவிடம் 33-16 என்று தோற்றார்கள். டிசம்பர் 10-ம் தேதி கிரீன் பேக்கு எதிராகக் கடைசிக் கால் பகுதியில் 21-7 என்று முன்னால் இருந்தார்கள். அப்போது நான் வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, ஜெட்லாக் தூக்கக் கலக்கத்தில் சோபாவில் கிடந்தேன். "மாமா, ராசியான நேரத்துல வந்திருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை. கூடுதல் நேரத்தில் 27-21 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளை ராசியைப் பற்றிப் பேசுவதில்லை.

நாளை பிட்ஸ்பர்க்கில் கடைசி மேட்ச். காரில் இரண்டு மணி நேரம். மகளும் என் வீட்டுக்காரியும் அங்கே பென் ஹில்ஸில் இருக்கிற பெருமாள் கோயிலுக்கு, நாங்கள் மூன்று பேரும் ஸ்டேடியத்துக்கு.

டிசம்பர் 31, ஞாயிறு

குளிரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகிறேன்: மூக்குக்குள் இருக்கிற முடி உறைவதை இன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

பிட்ஸ்பர்க்கில் இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒஹையோ ஆறாகின்றன. நம்மூராக இருந்தால் அந்தக் கூடல்முனையில் ஒரு சங்கமேஸ்வரரை உட்கார வைத்திருப்பார்கள். இவர்கள் அதற்கு எதிர்க்கரையில் ஹைன்ஸ் ஃபீல்டு ஸ்டேடியத்தை வைத்திருக்கிறார்கள். உள்ளே ஊடுருவித் தெரிகிற பை மட்டும்தான் கொண்டுபோகலாம் என்று விதி. கோவில்பட்டி கடலை மிட்டாயைக் கண்ணாடிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். சோதனை வாசலில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விட்டுவிட்டார்.

சுற்றிலும் மஞ்சள் துண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் கையில் ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டு தலைக்கு மேலே சுழற்றுகிறார்கள். நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சுத் தொப்பி, எங்கள் பேரன். வம்புக்கு வருவார்களோ என்று பயந்தேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் குனிந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தான் வாங்கிவைத்திருந்த சூடான சாக்லேட்டை நீட்டினார். துக்க வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பி கொடுப்பார்களே, அதே முகம். வம்புக்கு இழுத்திருந்தால்கூட பையனுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

ஸ்டீலர்ஸுக்கு இந்த மேட்ச் பெரிய கணக்கில்லை. பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றில் இடம் உறுதியாகிவிட்டதால் ராத்லிஸ்பெர்கர் போன்ற பெரிய தலைகளை உட்கார வைத்துவிட்டார்கள். சும்மா இருக்கிற ஆட்களோடு ஆட வேண்டியதுதான், அப்படியும் முடியவில்லை. ஜூஜூ ஸ்மித்-ஷுஸ்டர் என்கிற பொடியன் உதைபந்தைப் பிடித்து 96 கெஜம் ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான் (நம் கோல் மாதிரி). நம்மாட்கள் (இதற்குள் நம்மாட்கள் ஆகிவிட்டார்கள்) விடாமல் துரத்தினார்கள். பந்தை எறிகிற ஆளுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். நம் குவார்ட்டர்பேக் டிஷோன் கைசர் இந்த வருஷம்தான் கல்லூரியிலிருந்து வந்தவர். சீசன் முழுக்க அவர் எறிந்ததில் 22 பந்து எதிராளி கையில் போய் விழுந்திருக்கிறது. இன்றைக்கு என்னவோ 300 கெஜத்துக்கு மேல் எறிந்தார்.

28-24. இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக மிச்சம். நான்காவது வாய்ப்பு, இரண்டு கெஜம் வேண்டும். கைசரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். எப்படியோ உருவிக்கொண்டு வெளியே வந்து எறிந்தார். அங்கே கோரி கோல்மன் தன்னந்தனியாக நிற்கிறார். கோட்டுக்குப் பதினோரு கெஜம். பந்து நேராகக் கைக்கு வந்தது. கைக்குள் புகுந்து கை வழியாகவே கீழே போனது.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஆடுகிறார், இரண்டு வருஷமும் கை எலும்பு முறிந்தது. ஆனால் நாளைக் காலையில் யாரும் எலும்பைப் பற்றிப் பேசப்போவதில்லை.

0-16. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. பேரன் மீதிக் கடலை மிட்டாயைப் பின்வரிசைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

கோயில் கேன்டீனில் எங்களுக்காகப் புளியோதரை வாங்கி வைத்திருந்தார்கள். தோற்ற வாய்க்கு அதுவாவது காரமாகக் கிடைத்ததே. "ஜெயிச்சாச்சா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். மகள் அவள் காலை மிதித்தாள்.

ஜனவரி 1, 2018, திங்கள்

புத்தாண்டு. எல்லோரும் தூங்கி வழிந்தோம்.

டிவியில் ஒரே செய்திதான். பயிற்சியாளர் ஹூ ஜாக்சன் பதவியில் தொடர்கிறார். இரண்டு வருஷத்தில் 32 மேட்ச், ஒரே ஒரு வெற்றி. போன வருஷம் 1-15 என்று முடிந்தபோது, "திரும்பவும் இப்படி ஆனால் ஈரி ஏரியில் குதித்து நீந்துகிறேன்" என்று வாய்விட்டுவிட்டார். இப்போது அதைவிட மோசமாக ஆகிவிட்டது. நேர்த்திக்கடன் பாக்கி நிற்கிறது, ஆனால் கரையோரம் ஏரி கட்டியாக உறைந்து கிடக்கிறது. குதித்தால் தலைதான் உடையும்.

ஜனவரி 2, செவ்வாய்

கேன்டன். கிளீவ்லாந்திலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் அளவு. 1920-ல் பிரவுன்ஸ் ஆடுகிற இந்த என்.எஃப்.எல். லீக் பிறந்தது இந்த ஊரில் ஒரு கார் ஷோரூமில். வந்தவர்களுக்கு நாற்காலி பற்றாமல் கார்களின் படிகளில் உட்கார்ந்து பேசினார்களாம். அந்த உரிமையில் 1963-ல் ஃபுட்பால் பெருந்தலைகளுக்கான புகழ்மண்டபத்தையும் இங்கேயே கட்டிக்கொண்டார்கள்.

இருட்டான ஒரு கூடத்தில் வரிசையாக வெண்கலத் தலைகள். எங்கள் பேரன் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒவ்வொரு பிரவுன்ஸ் தலையாகத் தேடித் தேடி நின்றான். நிறைய இருக்கின்றன. இன்றைய நிலையைப் பார்த்து இந்த அணி எப்போதுமே கந்தலாகத்தான் இருந்தது என்று நான் நினைத்திருந்தேன், அது பெரிய தப்பு. 1946-ல் தொடங்கி, வேறு ஒரு லீக்கில் நான்கு வருஷம் தொடர்ந்து பட்டம். 1950-ல் இந்த லீக்குக்குள் வந்த முதல் வருஷமே பட்டம். பிறகு 54, 55, 64. அணிக்குப் பெயர் வந்ததே முதல் பயிற்சியாளர் பால் பிரவுனால்தான். ஒரு வாத்தியார் பெயரில் ஒரு அணி! எங்கள் பள்ளிக்கூடத்தில் என் பெயரில் ஒரு குடிநீர்த் தொட்டிகூட இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேரியன் மோட்லி தலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். கறுப்பர். வளர்ந்தது இதே கேன்டனில். 1946-ல் அவரையும் இன்னொரு கறுப்பரான பில் வில்லிஸையும் பால் பிரவுன் அணியில் சேர்த்தார். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துப் பெரிய லீக்குக்குள் நுழைந்ததற்கு ஒரு வருஷம் முன்னால்.

சரி, அப்பேர்ப்பட்ட அணி எப்படி இப்படி ஆனது? திரும்பி வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கூட்டுக்குடும்பப் பாகப்பிரிவினைக் கதை மாதிரி இருந்தது. 1961-ல் ஆர்ட் மோடல் என்பவர் அணியை வாங்கினார். இரண்டு வருஷத்தில் பால் பிரவுனையே வேலையை விட்டு அனுப்பினார். பால் பிரவுன் போய் அதே மாநிலத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸை உண்டாக்கினார். 1995 நவம்பரில் மோடலே அணியைப் பெயர்த்து பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்று அறிவித்தார். அதுதான் இன்றைய ரேவன்ஸ். கிளீவ்லாந்துக்காரர்கள் கோர்ட்டு வரை போய்ச் சண்டை போட்டு, பெயரையும் நிறத்தையும் பழைய சாதனைக் கணக்கையும் மட்டும் மீட்டார்கள். ஆட்கள் போய்விட்டார்கள். மூன்று சீசன் ஊரில் அணியே இல்லை. 1999-ல் வெறும் பெயரை வைத்துக்கொண்டு புதிதாக ஆரம்பித்தார்கள்.

இப்போது பிரவுன்ஸ் இருக்கும் பிரிவில் நான்கு அணிகள். பெங்கால்ஸ், ரேவன்ஸ், ஸ்டீலர்ஸ், பிரவுன்ஸ். வருஷா வருஷம் ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை ஆட வேண்டும். ஆக, வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர் கட்டிய அணியிடம் இரண்டு அடி, வீட்டையே காலி செய்துகொண்டு போனவர் அணியிடம் இரண்டு அடி, பக்கத்து ஊர்ப் பங்காளியிடம் இரண்டு அடி. ஆறு தோல்வி இப்படி.

ஜனவரி 3, புதன்

பனி. வெளியே போகவில்லை. முருங்கைக்கீரை இல்லாத ஊரில் பேரன் ஸ்பினாச்சு சாப்பிட மறுத்தான். அவ்வளவுதான் இன்றைக்கு.

ஜனவரி 4, வியாழன்

ரெட் லைன் ரயிலில் டவுனுக்குப் போனேன், தனியாக. டெர்மினல் டவருக்கு அடியில் இறங்கி ஏரிப்பக்கம் நடந்தால் ஸ்டேடியம் வந்துவிடுகிறது. பழைய முனிசிபல் ஸ்டேடியத்தை இடித்து அதே இடத்தில் 1999-ல் கட்டியது. 1995 டிசம்பர் 17-ம் தேதி பழைய ஸ்டேடியத்தில் கடைசி மேட்ச் நடந்தபோது, ஜனங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை வரிசை வரிசையாகப் பிடுங்கி மைதானத்துக்குள் எறிந்தார்களாம். அந்த மேட்ச்சில் ஜெயித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

கிழக்கே மியூனி லாட் என்கிற நகராட்சிக் கார் நிறுத்தம். மேட்ச் அன்று விடியற்காலையிலேயே கார் டிக்கியைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டி, கறி சுட்டு, பீர் குடித்து, நாய் முகமூடி மாட்டிக்கொண்டு ஆடுவார்களாம். ஸ்டேடியத்தின் கிழக்கு முனைக்கு 'டாக் பவுண்ட்' என்று பெயர். 1985 வாக்கில் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் சக ஆட்டக்காரர்களைப் பார்த்து நாய் மாதிரி குரைத்து உற்சாகப்படுத்த, ஜனங்களும் குரைக்கத் தொடங்கியதில் வந்த பெயர். இன்றைக்கு அங்கே பனி, ஒரு கடல்புறா, நான்.

அந்தக் குளிரில் நின்றுகொண்டு ஜோ தாமஸை நினைத்தேன். இரண்டு நாளாக மாப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆள் இவர். இடதுபக்கத் தடுப்பாளர். பந்தைத் தொடவே மாட்டார். குவார்ட்டர்பேக்கை யாரும் பின்னாலிருந்து சாய்த்துவிடாமல் மறித்து நிற்பதுதான் வேலை. 2007-ல் அணிக்கு வந்த முதல் ஆட்டத்திலிருந்து போன அக்டோபர் 22 வரை ஒரு தடவைகூட வெளியே உட்காராமல் தொடர்ந்து 10,363 முறை களத்தில் நின்றிருக்கிறார். அன்றைக்கு டென்னஸிக்கு எதிராக மேற்கையின் பின்தசை கிழிந்தது, நின்றுபோனது. இந்தப் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட பிளே-ஆஃப் பார்த்ததில்லை. அவர் பின்னால் நின்ற குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள், போனார்கள், வந்தார்கள்.

ஹாக்கியில் பின்கோட்டில் நிற்கிற பையன்களை நான் எத்தனை பேரை இப்படிப் பாராட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கோல் போட்டவன் முதுகில்தான் தட்டியிருக்கிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

வீட்டில் சண்டை. நாளை மதியம் ஸ்டேடியத்தைச் சுற்றி ஒரு ஊர்வலம். ஒரு மேட்ச் கூட ஜெயிக்காததைக் 'கொண்டாட' ரசிகர்களே நடத்துவது. ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தால் பூஜ்யம் வடிவம் வருமாம், அதுதான் கணக்கு. போன வருஷமே திட்டமிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பாழாய்ப்போன ஒரு வெற்றி வந்து கெடுத்துவிட்டது. அப்போது சேர்ந்த பணத்தை உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள். இந்த வருஷச் செலவுக்குத் தலைவலி மாத்திரை கம்பெனி ஒன்றே பணம் கொடுத்திருக்கிறது. சிரித்துவிட்டேன். ஆனாலும் போகக் கூடாது என்றேன்.

"வேர்வை சிந்துன பசங்களைக் கேலி பண்றது என்ன பண்பாடு மாப்பிள்ளை?"

அணியிலேயே எம்மானுவேல் ஓக்பா என்கிற ஆட்டக்காரரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்வலத்துக்குப் போகிறவன் உண்மையான ரசிகனே இல்லை என்று. அதைப் படித்துக் காட்டினேன்.

மாப்பிள்ளை கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "பசங்களை யாரு மாமா சொல்றா? மேல இருக்கிறவங்களைச் சொல்றோம்."

அப்புறம் விளக்கினார். இந்த லீக்கில் கடைசியாக வருகிற அணிக்குத்தான் அடுத்த வருஷம் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. கடைசி பெஞ்சுக்காரனுக்கு முதல் பந்தி. கீழ் லீக்குக்குத் தள்ளிவிடுகிற வழக்கமும் இல்லை. டிவி வருமானம் எல்லா அணிக்கும் சமப் பங்கு. தோற்றாலும் முதலாளி பட்டினி கிடக்க மாட்டார். 2016-ல் நிர்வாகத்துக்கு வந்த சாஷி பிரவுன் இதை வைத்து ஒரு திட்டம் போட்டார். இருக்கிற தேர்வு உரிமையை விற்று, இன்னும் பல உரிமைகளாக மாற்றிச் சேமித்துக்கொண்டே போவது. அப்படி விற்ற இடங்களில் பிலடெல்பியா கார்சன் வென்ட்ஸை எடுத்தது, ஹூஸ்டன் டிஷான் வாட்சனை எடுத்தது. இரண்டு பேரும் இந்த வருஷம் வெளுத்துக் கட்டினார்கள், காயம் படும்வரை. விதைநெல்லை மூட்டை மூட்டையாகச் சேர்த்தார்கள், விதைக்கவே இல்லை. டிசம்பர் 7-ம் தேதி சாஷி பிரவுனை அனுப்பிவிட்டார்கள்.

"அக்டோபர் 31 கூத்து தெரியுமா மாமா? சின்சினாட்டிகிட்ட இருந்து ஒரு குவார்ட்டர்பேக்கை வாங்கப் பேசி முடிச்சாச்சு. கடைசி மணிக்குள்ள லீக் ஆபீஸுக்குப் பேப்பர் ஒழுங்காப் போய்ச் சேரல. வியாபாரமே ரத்து."

அந்த ஒரு கதையில் நான் பாதி விழுந்துவிட்டேன். ஆனால் இன்னொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். ஒரு வருஷம் என் பையன்கள் சேர்ந்தாற்போல எல்லா மேட்ச்சும் தோற்றார்கள். கடைசி மேட்ச் முடிந்த மறுநாள் மத்தியானம் அவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். தோற்ற மேட்ச்சுக்கு ஒரு ரவுண்டு. கோவில்பட்டிச் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் எங்களுக்குப் பாதி ஸ்டிக் உடைந்த ஸ்டிக், கோல்கீப்பருக்குக் கால்காப்பு கிடையாது, பயிற்சிக்கு நானே பாதி நாள் போகவில்லை. பையன்கள் ஓடினார்கள். நான் வேப்பமரத்தடியில் விசிலோடு நின்றிருந்தேன்.

ஜனவரி 6, சனி

போனோம்.

மைனஸ் பத்துக்கும் கீழே. ஏரிக்காற்று வேறு. இரண்டு ஜோடிக் காலுறை, உள்ளே மாப்பிள்ளையின் பனியன், வெளியே அவர் கோட்டு. கண்ணாடியில் என்னைப் பார்த்து என் வீட்டுக்காரி, "பரண்ல இருந்து இறக்குன மெத்தை மாதிரி இருக்கீங்க" என்றாள்.

நூறு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். மூவாயிரம் பேர் இருக்கும் என்றார்கள். நாய் முகமூடி, ஆரஞ்சுத் தலைக்கவசம். ஒரு சவ ஊர்தி வந்தது, கல்லறைப் பலகைகள் வந்தன. ஒருவர் முதுகில் 1999-லிருந்து ஆடிய குவார்ட்டர்பேக்குகள் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, முந்தினதை அடித்துக்கொண்டே வந்திருந்தார். இருபத்தெட்டுப் பெயர். சட்டை முடிந்து கால்சட்டைக்குப் போக வேண்டிய நிலை.

நான் ஒரு காரியம் செய்தேன். அட்டைகளில் ஆட்டக்காரர்கள் பெயர் எத்தனை, முதலாளி பெயர் எத்தனை என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கோல்மன் பெயர் என் கண்ணில் படவில்லை. முதலாளி ஜிம்மி ஹாஸ்லம் பெயர் திரும்பின பக்கமெல்லாம் இருந்தது. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கேலி ஊர்வலம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆரம்பத்தில் குரைத்தார்கள், பாடினார்கள். ஏரிப்பக்கம் திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தார்கள். பனியில் பூட்ஸ் சத்தம் மட்டும். என் பக்கத்தில் ஒரு அப்பா, தோளில் மூன்று வயதுக் குழந்தை. அதற்கும் ஆரஞ்சுத் தொப்பி.

சுற்றி முடித்து ஆரம்பித்த இடத்துக்கே வந்தோம். பேரனுக்கு மூக்கு சிவந்து பல் கிட்டிவிட்டது. "போதும் மாமா, வாங்க, கார்ல ஹீட்டர் போட்டாச்சு" என்றார் மாப்பிள்ளை. கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. ஒரு பத்துப் பதினைந்து பேர் மட்டும், குடிபோதையோ என்னவோ, மறுபடியும் சுற்றக் கிளம்பினார்கள்.

"நீங்க உட்காருங்க, வந்துர்றேன்" என்றேன்.

முழங்கால் பாதி வழியிலேயே மக்கர் பண்ணியது. ஏரிப்பக்க வளைவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு மீதியையும் நடந்து முடித்துவிட்டு வந்தேன்.